அட்சரகணித கேத்திரகணிதம், ஆடிச் சமச்சீர்: கலாநிதி ஆய்வுக்குத் திருமலையில் இருந்தே எப்படித் தயாராவது?

அலஸ்தோட்டம்_கணிதம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை அலஸ்தோட்டத்தில் இருக்கிறேன். கணிதத்தில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு, இப்போது டவுனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் ரியூஷன் கொடுக்கிறேன்.

இறுதியாண்டு ஆய்வறிக்கைக்காக வளையங்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. பொதுவான ஐந்தாம் படிச் சமன்பாடு ஒன்றின் தீர்வுகளாக அமையும் முப்பரிமாண வெளியில் நேர்கோடுகள் சரியாக 2875 இருக்கின்றனவாம். பௌதிகவியலாளர்கள் அதே எண்ணை வேறொரு வெளியில் இருந்து, கோடு எதையும் எண்ணாமலே எடுத்தார்களாம். ஆடிச் சமச்சீர் என்கிறார்கள். சமன்பாடுகளின் தீர்வுகளை வடிவங்களாகப் பார்க்கும் அட்சரகணித கேத்திரகணிதத்தில் இது ஒரு பகுதியாம். அதை வாசித்த நாளில் இருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. கலாநிதிப் பட்டம் செய்தால் இதில்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான். எனக்குப் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர், இதற்கு இங்கே மேற்பார்வை செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம், புள்ளிவிபரவியலுக்குப் போ என்றார். ஆசிரியர் நியமனம் வந்தால் விடாதே என்கிறார் அம்மா. இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள்.

இந்தத் துறையில் கலாநிதி ஆய்வு செய்கிறவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? பின்னேர வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு பழைய லப்டொப்பை வைத்துக்கொண்டு, இங்கிருந்தே நான் எதைத் தொடங்கலாம்? எங்கே விண்ணப்பிப்பது? அனுபவம் உள்ள அண்ணாமார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

---

உவர்மலை_அக்கா பதிலளித்தது:

தங்கச்சி, நானும் திருமலைதான், உவர்மலை. இப்போது ஐரோப்பாவில் இதே துறையில் கலாநிதி ஆய்வு செய்கிறேன். உங்கள் கேள்வியை வாசித்த பிறகு கையில் இருந்த வேலையைத் தொடர மனம் வரவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தடித்த புத்தகங்களை எல்லாம் முடித்துவிட்டு ஆய்வுக்குள் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்தத் துறையில் முடிக்க வேண்டிய புத்தகத்துக்கு அளவே இல்லை. முதலில் அந்த 2875 ஐ உங்கள் கையால் ஒருதரம் எடுங்கள். அதற்கு உயர்தர வகையீடும் ஒரு தாளும் போதும். யாரும் எனக்கு இதை ஆரம்பத்தில் சொல்லித் தரவில்லை, அதனால்தான் இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

மாறியை ய என்று வைப்போம். ஐந்தாம் படி வெளியின் ஆடித் துணை, அதாவது நீங்கள் சொன்ன அந்த வேறொரு வெளி, ஒரேயொரு பரமானத்தில் மாறுவது. அதில் எடுக்கும் ஒரு தொகையீடு இந்தத் தொடராக வருகிறது:

1 + 120ய + 113400ய² + …

ந ஆவது குணகம் (5ந)!/(ந!)⁵. இந்தத் தொடர் நாலாம் வரிசை வகையீட்டுச் சமன்பாடு ஒன்றின் தீர்வு. அதே சமன்பாட்டுக்கு இன்னொரு தீர்வு உண்டு: முதல் தொடரை ய இன் மடக்கையால் பெருக்கி, அதோடு 770ய + … என்பதைக் கூட்டினால் வருவது. 770 எங்கிருந்து வந்தது? 600 × (1/2 + 1/3 + 1/4 + 1/5). போட்டுப் பாருங்கள்.

சரி, இரண்டாம் தீர்வை முதல் தீர்வால் வகுத்து, வருவதை அடுக்குக்குறிச் சார்பில் போட்டால் புதிய மாறி ஒன்று கிடைக்கும். அதை ர என்போம். ர = ய + 770ய² + …, திருப்பி எழுதினால் ய = ர − 770ர² + …

இனிக் கடைசிச் சூத்திரம். 5 ஐ எடுத்து (1 − 3125ய) ஆலும் முதல் தொடரின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். பிறகு மாறி மாற்றத்துக்காக ஒரு கனம் பெருக்க வேண்டும்: ய ஐ ர ஆல் வகையிட்டு, ர/ய ஆல் பெருக்கி, அதன் மூன்றாம் அடுக்கு. ர இன் முதல் படி வரைக்கும் மட்டும் பாருங்கள். முதல் வகுத்தலில் இருந்து +3125. வர்க்கம் கீழே இருப்பதால் −240. கனத்தில் இருந்து 3 × (−770), அதாவது −2310. கூட்டினால் 575. முன்னால் நிற்கும் 5 ஆல் பெருக்கினால் 2875.

இதில் எங்கேயும் ஒரு நேர்கோட்டைக்கூட நாங்கள் தொடவில்லை. எனக்கு முதல்தரம் இது வந்த இரவு நித்திரையே இல்லை.

1991 இல் கண்டேலாஸ், டி லா ஒஸ்ஸா, கிரீன், பார்க்ஸ் என்ற நாலு பேர் இந்தத் தொடரைத் தொடர்ந்து விரித்துக்கொண்டே போனார்கள். 2875 பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஷூபர்ட்டுக்குத் தெரிந்த எண். கூம்பு வளைவுகள், அதாவது இரண்டாம் படி வளையிகள், 609250 என்பதை 1986 இல் ஷெல்டன் காட்ஸ் எடுத்திருந்தார். அடுத்தது மூன்றாம் படி வளையிகள். தொடர் கொடுத்த எண் 317206375. எலிங்ஸ்ரூட், ஸ்ட்ரொம்ம என்ற இரண்டு நோர்வே கணிதவியலாளர்கள் கணினியில் நேரடியாகக் கணக்கிட்டிருந்த எண் வேறாக இருந்தது. பிறகு அவர்களுடைய நிரலில் ஒரு பிழை இருப்பது தெரிந்து, திருத்தி ஓட்டியபோது 317206375 தான் வந்தது. கணிதவியலாளர்கள் இந்தப் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். 1996 இல் கிவென்டாலும், 1997 இல் லியான், லியு, யாவ் மூவரும் இந்தச் சூத்திரத்துக்கு நிரூபணம் கொடுத்தார்கள்.

நாள் முழுக்க என்ன செய்கிறோம் என்று கேட்டீர்கள். ஆளுக்கு ஆள் வேறுபடும். கணிதவியலாளர் கொன்ட்செவிச் 1994 இல் சூரிச் மாநாட்டில் முன்வைத்த அருவமான பாதையில் போகிறவர்களுக்குப் பலகையும் பேனையும் போதும்போல இருக்கும். என்னுடையது கணக்குப் பார்க்கிற பக்கம். ஒரு சின்ன உதாரணம் காட்டுகிறேன்.

அ + ஆ + 1/(அஆ) என்ற கோவையை எடுங்கள். இதை அடுக்குகளாக உயர்த்தி, ஒவ்வொன்றிலும் அ, ஆ இரண்டும் இல்லாமல் நிற்கும் மாறிலி உறுப்பை மட்டும் பொறுக்குங்கள். மூன்றாம் அடுக்கில் 6. ஆறாம் அடுக்கில் 90. ஒன்பதாம் அடுக்கில் 1680. இடையில் எல்லாம் பூச்சியம். வீழ்ப்புத் தளத்தில் (சாதாரண தளத்தோடு முடிவிலியில் உள்ள புள்ளிகளையும் சேர்த்தது) வளையிகளை எண்ணும் தொடரை எடுத்து, உறுப்புகளைத் தகுந்த காரணியால் பெருக்கினால் இதே 6, 90, 1680 வரும். அதாவது இந்தச் சின்னக் கோவைதான் அந்தத் தளத்தின் ஆடித் துணை. ஃபானோ வெளி என்று ஒரு வகை உண்டு, முப்பரிமாணத்தில் ஒப்பமானவை, அதாவது கூர்ப்புள்ளி இல்லாதவை, 105 குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கோவை உண்டா, ஒன்றுக்கு மேல் இருந்தால் அவற்றுக்குள் என்ன உறவு என்று தேடுவது ஒரு பெரிய ஆய்வுத் திட்டமாகவே நடக்கிறது. கூர்ப்புள்ளிகள் உள்ள ஃபானோக்களில் ஒரு சிறு பகுதியை நான் பார்க்கிறேன்.

காலையில் நிரல் ஓடி முடிந்திருக்கும். எண்களைப் பார்ப்பேன். பொருந்தாத ஒன்று இருந்தால் அன்றைய நாள் அதற்கே போய்விடும். கிழமைக்கு ஒருதரம் மேற்பார்வையாளரைச் சந்திப்பேன். அவர் பலகையில் ஒரு முக்கோணம் கீறி, இந்தப் பக்கத்தில் ஒரு புள்ளியை அகற்றினால் என்ன ஆகும் என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி சில வேளை மாசக் கணக்கில் இழுக்கும். நிரூபணம் எழுதுவது எல்லாவற்றுக்கும் பிறகுதான், அதுதான் கடினமும்.

இங்கிருந்து தொடங்குவது என்றால் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வாங்குங்கள். உள்ளே ஒரேயொரு முழுவெண் புள்ளி, அதாவது உற்பத்திப் புள்ளி மட்டும் இருக்கும் பல்கோணிகளைக் கீறுங்கள். மூலைகளும் முழுவெண் புள்ளிகளாக இருக்க வேண்டும். ஒரே வடிவத்தின் வேறு தோற்றங்களைச் சேர்த்து எண்ணாவிட்டால் மொத்தம் 16 தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் இருமைப் பல்கோணி உண்டு: முதல் பல்கோணியின் ஒவ்வொரு மூலையோடும் எண்ணிப் பெருக்கம் −1 அல்லது அதற்கு மேல் வரும் புள்ளிகள் சேர்ந்தது. இரண்டின் ஓரப் புள்ளிகளையும் கூட்டினால் எப்போதும் 12. (1,0), (0,1), (−1,−1) முக்கோணத்தில் 3 புள்ளி, அதன் இருமையில் 9. மேலே சொன்ன கோவையின் அடுக்குக்குறிகளும் இதே மூன்று மூலைகள்தான் என்பதைக் கவனியுங்கள். இப்படியான இருமைச் சோடிகளில் இருந்து ஆடிச் சோடிகளை உண்டாக்கலாம் என்று 1994 இல் பட்டிரெவ் காட்டினார். முப்பரிமாணத்தில் இப்படி இருமை உள்ள வடிவங்கள் 4319. நாலு பரிமாணத்தில் 473800776 என்று குரொய்சரும் ஸ்கார்க்கேயும் கணினியால் பட்டியல் போட்டார்கள்.

லப்டொப் பழையது என்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம். சேஜ், மக்காலே2 என்ற கணித மென்பொருள்கள் இரண்டும் இலவசம். சேஜை நிறுவ முடியாவிட்டால் உலாவியிலேயே ஓட்டலாம், போனிலும் ஓடும். மாறிலி உறுப்பு எடுக்கும் நிரல் பத்து வரிக்குள் முடிந்துவிடும்.

வாசிப்புக்கு ரவி வக்கிலின் அட்சரகணித கேத்திரகணிதக் குறிப்புகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பாரமானவை, மெல்ல மெல்லப் போங்கள். ஷெல்டன் காட்ஸ் பட்டப்படிப்பு மாணவர்களுக்காக எழுதிய சிறு நூல் ஒன்று உண்டு, எண்ணும் கேத்திரகணிதமும் இழைக்கொள்கையும் பற்றியது. உங்களுக்கு முதலில் அதுதான் சரி. ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் ஆர்க்கைவ் தளத்தில் கிடைக்கும், கண்டேலாஸ் காலத்துக்குப் பிறகு வந்தவை அனேகமாக எல்லாமே.

விண்ணப்பம். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுமாணி கேட்பார்கள். அமெரிக்காவில் முதல் பட்டத்தோடு நேரே எடுப்பார்கள், படிப்பித்துக்கொண்டே படிக்கலாம், ஆனால் காலம் கூட. ஜேர்மனியில் கலாநிதி மாணவருக்குப் பல இடங்களில் சம்பளத்தோடு வேலை நியமனம். உங்களுடைய நிலைக்கு நான் முதலில் சொல்வது இத்தாலியில் திரியெஸ்த் நகரத்தில் உள்ள ஐ.சி.டி.பி. அப்துஸ் சலாம் 1964 இல் தொடங்கிய நிலையம். வளரும் நாட்டு மாணவர்களுக்கென்றே அங்கே ஒரு வருட டிப்ளோமா இருக்கிறது, கணிதத்திலும் உண்டு, உதவித்தொகையோடு. கலாநிதிக்கு முன் நல்ல அத்திவாரம் போடுவார்கள்.

ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது கணிதம் மேல் உள்ள ஆசையைப் பந்தி பந்தியாக எழுத வேண்டாம். அவருடைய கட்டுரை ஒன்றில் உள்ள உதாரணம் ஒன்றை நீங்களே கணக்கிட்டு, இரண்டு பக்கத்தில் எழுதி இணையுங்கள். நானும் அப்படித்தான் இந்த இடத்துக்கு வந்தேன்.

---

திருக்கடலூர்_சேர் பதிலளித்தது:

பிள்ளை, நான் இணைந்த கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். உவர்மலைப் பிள்ளை எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். 575 வரைக்கும் நானும் கொப்பியில் போட்டுப் பார்த்தேன், வருகிறது.

இந்த ஐந்தாம் படி வெளிக்கு 1, 101 என்று இரண்டு எண் சொல்கிறார்கள் (அதன் அளவும் வடிவமும் எத்தனை விதமாக மாறலாம் என்பதைக் காட்டுபவை), ஆடித் துணையில் அது 101, 1 என்று இடம் மாறுகிறது. 101 எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தேன். அது உன் ரியூஷன் பிள்ளைகளுக்கே கொடுக்கக்கூடிய கணக்கு. ஐந்து மாறிகளில் ஐந்தாம் படி உறுப்புகள் எத்தனை? ஒன்பதில் நாலு தெரிவு, 126. ஆயங்களை மாற்றும் 5 × 5 தாயத்துக்கு 25 மூலகங்கள், அவற்றால் வரும் வித்தியாசம் உண்மையான வித்தியாசம் இல்லை. 126 − 25 = 101. சேர்மானம் படிப்பிக்கும்போது இதைச் சொல்லிப் பார், பின் வாங்கில் இருக்கிறவனும் நிமிருவான்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அம்மா சொல்வதையும் தட்டிவிடாதே. நியமனம் வந்தால் கடிதத்தை முழுதாக வாசி. கட்டாய சேவைக்காலம், வெளிநாட்டுப் படிப்பு லீவு, பிணை பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வை. அவசரத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, புலமைப்பரிசில் வந்த நேரத்தில் விடுதலை கிடைக்காமல் நின்ற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். வேலையும் பார்த்துக்கொண்டு இரவில் படிப்பது முடியாத காரியம் இல்லை, ஆனால் வகுப்புகளைக் குறைக்க வேண்டி வரும். வருமானம் குறையும் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடு.

இன்னொன்று. இலங்கைத் தமிழருக்கு இந்த வாசல் புதிதல்ல. சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்துவிட்டு வந்து கொழும்பில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். நாங்கள் படித்த காலத்தில் அவருடைய பெயரைச் சொல்லித்தான் எங்களை உசுப்புவார்கள்.

---

சிறுசேரி_மாணவன் பதிலளித்தது:

வணக்கம் தோழி. சென்னையில் கணிதம் முதுகலை படிக்கிறேன். அக்கா ஆடியின் பக்கத்திலிருந்து 2875 எடுத்துக் காட்டிவிட்டார். எண்ணும் பக்கத்திலிருந்தும் அதைக் கையாலேயே எடுத்துவிடலாம். இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள், அப்போதுதான் இதன் அருமை தெரியும்.

முதலில் சின்னக் கணக்கு. ஒப்பமான மூன்றாம் படிப் பரப்பில் 27 கோடுகள், 1849 இல் கேலியும் சால்மனும் கண்டது. அ, ஆ என்று இரண்டு குறிகள் எடுத்து 3அ, 2அ+ஆ, அ+2ஆ, 3ஆ நான்கையும் பெருக்குங்கள். அ+ஆ வை க என்றும் அஆ வை ங என்றும் எழுதினால், பெருக்கம் 9ங(2க² + ங) ஆகும். முப்பரிமாண வெளியில் உள்ள எல்லாக் கோடுகளின் தொகுதியில் க²ங, ங² இரண்டுக்கும் மதிப்பு 1. ஆக 9 × 3 = 27.

ஐந்தாம் படிக்கும் இதே வழிதான். 5அ, 4அ+ஆ, 3அ+2ஆ, 2அ+3ஆ, அ+4ஆ, 5ஆ ஆறையும் பெருக்கினால் 25ங(24க⁴ + 58க²ங + 9ங²). இப்போது க⁴ங வின் மதிப்பு 2, க²ங² வுக்கு 1, ங³ வுக்கும் 1. 48 + 58 + 9 = 115. 25 × 115 = 2875. இந்த 2, 1, 1 ஏன் என்பதற்கு ஷூபர்ட் கணக்கு (கோடுகளும் தளங்களும் வெட்டும் விதங்களை எண்ணும் முறை) கொஞ்சம் படிக்க வேண்டும், ஒரு வாரம் உட்கார்ந்தால் பிடிபடும்.

அப்புறம், இயற்கணித வடிவியல் (நீங்கள் சொல்லும் அட்சரகணித கேத்திரகணிதம்) ஏதோ தூரதேசத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும், எம். எஸ். நரசிம்மனும் சென்னை லயோலா கல்லூரியில் ரசீன் பாதிரியாரிடம் படித்தவர்கள். 1965 இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்றும் இந்தத் துறையின் தூண்களில் ஒன்று. சேஷாத்ரி தொடங்கிய சென்னை கணிதவியல் கழகம் இங்கே சிறுசேரியில்தான் இருக்கிறது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. இரண்டிலும் இந்தத் துறையில் வேலை நடக்கிறது. அடிப்படை விரிவுரைகளுக்கு சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவர் எடுத்த இயற்கணித வடிவியல் பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாக உள்ளன. பொறுமையாக, பலகையில் எழுதிச் சொல்லித் தருகிறார்.

---

அலஸ்தோட்டம்_கணிதம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சேர், அந்த 126 − 25 ஐ வகுப்பில் கொடுத்தேன், ஒரு பிள்ளை 126 ஐத் தானே எடுத்துவிட்டு, ஏன் கழிக்க வேண்டும் என்று விடாமல் கேட்டது.

அக்கா, 2875 வந்துவிட்டது. சிறுசேரி அண்ணா சொன்ன வழியிலும் வந்தது. பிறகு சேஜில் தொடரை அடுத்த படிக்கு விரித்தேன். ர² இன் குணகம் 4876875 என்று வருகிறது. திரும்பத் திரும்பப் பார்த்தேன், மாறவில்லை. கூம்பு வளைவுகள் 609250 தானே? இந்த எண் அதைவிட எவ்வளவோ பெரிது. இதற்குள் அது எங்கே இருக்கிறது?

---

உவர்மலை_அக்கா பதிலளித்தது:

4876875 சரியான எண்தான் தங்கச்சி, அது அப்படியே வர வேண்டும். ர² இன் குணகத்தில் கூம்பு வளைவுகள் மட்டும் இல்லை. ஒரு நேர்கோட்டின் மேல் இரண்டு தரம் சுற்றிப் போகும் வளையியும் இரண்டாம் படிதான், அதனால் கோடுகளும் இங்கே வந்து சேர்ந்துவிடுகின்றன. அந்தச் சேர்க்கை எவ்வளவு என்பதை ஆஸ்பின்வால், மொரிசன் இருவரும் 1993 இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். உங்கள் தொடரில் அது ஒரு கோட்டுக்கு ஒன்று என்ற வீதத்தில் நிற்கிறது. ஆகவே முதலில் 2875 ஐக் கழியுங்கள், 4874000 மிஞ்சும். மிஞ்சியதில் ஒவ்வொரு கூம்பு வளைவும் 2³, அதாவது 8 என்ற நிறையோடு வருகிறது. 8 ஆல் வகுத்துப் பாருங்கள்.

மூன்றாம் படிக்கும் இதே மாதிரி. உங்கள் தொடரில் 8564575000 வர வேண்டும். 2875 ஐக் கழித்து 27 ஆல் வகுத்தால் 317206375. கூம்பு வளைவுகளை இங்கே கழிக்க வேண்டாம், 2 ஆல் 3 வகுபடாது. நாலாம் படியில் அவையும் சேரும், அதை நீங்களே பிரித்தெடுங்கள்.

இதையும் சிறுசேரித் தம்பியின் வழியையும் சேர்த்து இரண்டு பக்கத்தில் எழுதி எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன். ஐ.சி.டி.பி. விண்ணப்பத்தோடு வைக்க அது போதும். பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், புள்ளிவிபரவியலுக்குப் போகச் சொன்ன அந்த விரிவுரையாளரிடமே இந்த இரண்டு பக்கத்தையும் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.